பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார்: பொதுவான பழுதுகளும் பராமரிப்புச் செலவும்

டர்போசார்ஜர் பொருத்திய பெட்ரோல் எஞ்சினோடு, வேகத்துக்காகவே வடிவமைக்கப்பட்டு, சில ஆண்டுகள் ஓடியபின் மறுவிற்பனைக்கு வரும் கார் பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் எனப்படுகிறது. தமிழ்நாட்டுச் சந்தையில் இப்பெயரில் அதிகம் கைமாறுபவை கோடிக்கணக்கில் விலையுள்ள இரண்டு கதவுக் கார்கள் அல்ல. ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, ஃபியட் அபார்த் புன்டோ, மாருதி சுசூகி பலேனோ ஆர்எஸ், ஹூண்டாய் ஐ20 என் லைன் போன்ற சிறிய கார்களின் வேக வகைகளே அவை.

இவ்வகைக் கார்கள் புதிதாக இருந்தபோது விற்ற விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பதுண்டு. அதனால் முதல் காரை வாங்கும் இளைஞர்களும், வெளிநாட்டில் சேர்த்த பணத்துடன் ஊர் திரும்புபவர்களும் இவற்றை நாடுகின்றனர். ஆனால் காரின் விலை வயதோடு குறைவதுபோல அதன் உதிரிபாகங்களின் விலை குறைவதில்லை. ஐந்து லட்சத்துக்கு வாங்கிய பழைய காருக்கும் பத்து லட்சம் ரூபாய்க் காரின் டர்போவும் கியர் பெட்டியும்தான் மாற்ற வேண்டியிருக்கும். இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ளாமல் வாங்குவதே இவ்வகைக் கார்களில் பணம் இழப்பதற்கு முதன்மைக் காரணம்.

டர்போசார்ஜர் செயல்படும் விதம்

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையின் விசையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவியே டர்போசார்ஜர். காற்று கூடுதலாகச் செல்வதால் பெட்ரோலும் கூடுதலாக எரிக்கப்படுகிறது. சிறிய எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினின் ஆற்றல் கிடைக்கிறது. அழுத்தப்பட்ட காற்று சூடேறுவதால், அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்னும் பகுதி இடையில் வைக்கப்படுகிறது.

இதன் பயனை ஒரே காரின் இரு வகைகளில் காணலாம். டர்போ இல்லாத 1.2 லிட்டர் போலோ 75 குதிரைத்திறனும் 110 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தந்தது. டர்போ பொருத்திய 1.2 லிட்டர் போலோ ஜிடி 105 குதிரைத்திறனும் 175 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தந்தது.

இந்தக் கூடுதல் ஆற்றலுக்கு ஒரு விலை உண்டு. டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் முறைக்கும் மேல் சுழலக்கூடியது. பெட்ரோல் எஞ்சினின் புகை, முழு வேகத்தில் 900 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் இருக்கும். இத்தகைய வேகத்தையும் வெப்பத்தையும் தாங்கும் தண்டு, ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து சுழல்கிறது. அந்த ஆயில் கெட்டாலோ, குறைந்தாலோ, நேரத்துக்கு வந்து சேராவிட்டாலோ டர்போ தேயத் தொடங்கும்.

வரலாறு

டர்போசார்ஜர் கருத்துக்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி. பயணிகள் கார்களில் இது 1962-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. அவற்றுள் ஒன்றான ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் கார், எஞ்சின் தட்டுவதைத் தடுக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து எடுத்துக்கொண்டது. உரிமையாளர்கள் பலர் அத்தொட்டியை நிரப்ப மறந்தனர். கார் வேகம் குறைந்தது, பழுதுகள் பெருகின. இரண்டே ஆண்டுகளில் அதன் உற்பத்தி நின்றது. பின்னர் பல கார்களிலிருந்து டர்போவே கழற்றப்பட்டது. டர்போ காரின் ஆயுள் அதைத் தயாரித்தவரை மட்டுமல்ல, பராமரிப்பவரையும் பொறுத்தது என்பதை முதல் தலைமுறையே காட்டிவிட்டது.

இந்தியாவில் 2000-களின் நடுவில் விற்பனையான ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினுடன் 150 குதிரைத்திறன் தந்து ஆர்வலர்களைக் கவர்ந்தது. 2013-க்குப் பின் சிறிய கார்களிலும் டர்போ பரவியது.

மறுவிற்பனையில் காணப்படும் முக்கிய வகைகள்

போலோ ஜிடி டிஎஸ்ஐ: 2013-இல் அறிமுகமானது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி நடைமுறைக்கு வரும்வரை இதில் 1.2 லிட்டர் எஞ்சினும் ஏழு கியர் கொண்ட டிஎஸ்ஜி என்னும் இரட்டைக் கிளட்ச் தானியங்கிப் பெட்டியும் இருந்தன. அதன்பின் 110 குதிரைத்திறன் தரும் 1.0 லிட்டர் எஞ்சினும், வேறு வகையான ஆறு கியர் தானியங்கிப் பெட்டியும் வந்தன. 2022-இல் இந்தியாவில் போலோ விற்பனை முடிந்தது. பெயர் ஒன்றாக இருந்தாலும் 2020-க்கு முந்தைய காரும் பிந்தைய காரும் பழுது நோக்கில் வெவ்வேறு கார்களே.

அபார்த் புன்டோ: 2015 அக்டோபரில் 9.95 லட்சம் ரூபாய் டெல்லி ஷோரூம் விலையில் அறிமுகமானது. 1.4 லிட்டர் டர்போ எஞ்சின் 145 குதிரைத்திறனும் 212 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தருவது. பி.எஸ். 6 விதிக்குப் பின் ஃபியட் பெயரில் புதிய கார் இந்தியச் சந்தையில் விற்கப்படவில்லை. எனவே உதிரிபாகம் தேடுவது இக்காரில் எஞ்சின் பழுதைவிடப் பெரிய சிக்கலாக அமையலாம்.

பலேனோ ஆர்எஸ்: 2017 மார்ச்சில் அறிமுகமாகி 2020 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. மூன்று சிலிண்டர் கொண்ட 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் 102 குதிரைத்திறன் தருவது. வழக்கமான பலேனோவுக்கு எல்லா ஊர்களிலும் உதிரிபாகம் கிடைத்தாலும், இதன் டர்போ எஞ்சினுக்கு உரியவை சொல்லிவைத்து வரவழைக்க வேண்டியவை.

ஐ20 என் லைன்: 2021-இல் வந்தது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது. 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் 120 குதிரைத்திறன் தருவது. இப்பட்டியலில் வயதில் இளையது என்பதால் விலை அதிகம். சர்வீஸ் வசதியும் அதிகம்.

ஜெயங்கொண்டம் பகுதியின் சூழல்

ஒரே கார் சென்னையில் ஓடுவதற்கும் அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்தில் ஓடுவதற்கும் வேறுபாடு உண்டு. இப்பகுதியில் டர்போ காரின் ஆயுளைத் தீர்மானிக்கும் காரணிகள் நான்கு.

முதலாவது தூசி. அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் நிறைந்த பகுதி. சிமென்ட் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் செல்லும் லாரிகளின் பின்னால் நுண்ணிய வெண்தூசி எழுகிறது. டர்போ எஞ்சின் சாதாரண எஞ்சினைவிட அதிகக் காற்றை இழுப்பதால் ஏர் ஃபில்டர் விரைவில் அடைத்துக்கொள்ளும். விரிசல் விட்ட ஃபில்டர் பெட்டி வழியே நுழையும் தூசி, சுழலும் காற்றுச் சக்கரத்தின் ஓரங்களை அரிக்கும்.

இரண்டாவது வெப்பம். கோடையில் 40 பாகை செல்சியசை ஒட்டும் வெயிலில் இன்டர்கூலர் காற்றைக் குளிர்விக்கும் அளவு குறைகிறது. எஞ்சின் தட்டாமல் இருக்கக் கணினி தானாகவே ஆற்றலைக் குறைக்கும். மார்ச் முதல் ஜூன் வரை கார் மந்தமாக இருப்பதாகத் தோன்றுவதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம்.

மூன்றாவது தண்ணீர். சுண்ணாம்புப் பாங்கான நிலத்தின் போர் தண்ணீர் கடினமானது. கூலன்ட் குறையும்போது ஆத்திர அவசரத்துக்கு இந்தத் தண்ணீரை ஊற்றி, பின்னர் அப்படியே விட்டுவிடும் வழக்கம் உண்டு. பாத்திரத்தில் படிவதுபோல உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். டர்போவைக் குளிர்விக்கும் குறுகிய வழிகளில் அப்படிவு இன்னும் கேடானது.

நான்காவது தொலைவு. அதிகம் விற்கும் நிறுவனங்களின் சர்வீஸ் மையங்கள் பக்கத்து ஊர்களில் உள்ளன. குறைவாக விற்கும் ஐரோப்பிய நிறுவனங்களின் கார்களுக்குத் திருச்சி போன்ற நகரத்தையே நாட வேண்டும். ஜெயங்கொண்டத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். நகரவாசி மாலையில் விட்டு மறுநாள் எடுக்கும் சிறு பழுதுக்கு, இங்குள்ளவர் ஒருநாள் வேலையை இழக்க நேரும். கார் ஓடாத நிலையில் மீட்பு வண்டிச் செலவும் சேரும்.

பொதுவான பழுதுகள்

டர்போ தேய்மானம்: நெடுஞ்சாலையில் வேகமாக வந்து உடனே எஞ்சினை நிறுத்தினால், ஆயில் ஓட்டம் நின்றுவிடும், டர்போவின் வெப்பம் அப்படியே இருக்கும். அதில் தேங்கிய ஆயில் கருகிக் கட்டியாகும். அது சேரச் சேர ஆயில் வரும் குழாய் அடைபடும். தண்டு ஆடத் தொடங்கும். சைலன்சரில் நீலப் புகை, ஆயில் அடிக்கடி குறைதல், வேகமெடுக்கும்போது சங்கு ஊதுவது போன்ற ஓசை ஆகியவை அறிகுறிகள். பிந்தைய கார்களில் எஞ்சின் நின்றபின்னும் கூலன்டைச் சுற்றச்செய்யும் மின்பம்பு உண்டு. இருந்தாலும் வேகப் பயணத்தின் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவதும், நிறுத்துமுன் ஒரு நிமிடம் ஓடவிடுவதும் செலவில்லாத பாதுகாப்பு.

காற்றுக் கசிவு: டர்போவிலிருந்து எஞ்சின்வரை அழுத்தக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர்க் குழாய்கள் வெப்பத்தில் வெடிக்கும், கவ்விகள் தளரும். முன் பம்பருக்குப் பின்னுள்ள இன்டர்கூலரைச் சிறுகற்கள் பதம்பார்ப்பதும் உண்டு. புஸ் என்ற ஓசை, இழுவை குறைதல், எஞ்சின் எச்சரிக்கை விளக்கு ஆகியவை தோன்றும். பல பட்டறைகளில் இதை டர்போ பழுது என முடிவு செய்து முழு டர்போவையும் மாற்றச் சொல்வதுண்டு. சில நூறு ரூபாய்க் குழாயால் வந்த பழுதா என்பதை முதலில் புகைச் சோதனையால் உறுதிசெய்ய வேண்டும்.

அழுத்தக் கட்டுப்பாடு: காற்றழுத்தம் அளவு மீறாமல் புகையின் ஒரு பகுதியை வேறு வழியில் விடும் சிறு கதவு வேஸ்ட்கேட் எனப்படும். அதன் இணைப்புத் தண்டு தேய்ந்தால் தகரம் அதிர்வது போன்ற ஓசை கேட்கும். அது இறுகிப்போனால் அழுத்தம் கூடியோ குறைந்தோ, கணினி காரைப் பாதுகாப்பு நிலைக்குத் தள்ளும். அந்நிலையில் கார் ஊர்ந்துதான் செல்லும்.

வால்வுகளில் கரிப்படிவு: டிஎஸ்ஐ, ஹூண்டாயின் ஜிடிஐ, சுசூகியின் பூஸ்டர்ஜெட் ஆகிய எஞ்சின்களில் பெட்ரோல் நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. பழைய முறையில் காற்று வால்வுகளைக் கழுவிச்சென்ற பெட்ரோல் இங்கு அவற்றைத் தொடுவதே இல்லை. எனவே ஆயில் ஆவி வால்வுகளில் கரியாகப் படியும். காலையில் எஞ்சின் நடுங்குவதும் மைலேஜ் குறைவதும் இதன் விளைவு. அபார்த் புன்டோவின் எஞ்சினில் பெட்ரோல் வால்வுக்கு முன்பே தெளிக்கப்படுவதால் இச்சிக்கல் குறைவு.

பற்றவைப்புப் பகுதிகள்: டர்போ எஞ்சினில் ஸ்பார்க் பிளக், காயில் இரண்டும் கடுமையாக உழைக்கின்றன. வேகமெடுக்கும்போது கார் விக்குவது பெரும்பாலும் இவற்றின் தேய்வால்தான். விலை குறைவு என்பதற்காக வேறு வெப்ப அளவு கொண்ட பிளக் பொருத்தினால் பிஸ்டன் சேதமாகலாம்.

குளிர்விப்புப் பகுதி: தண்ணீர் பம்பு, தெர்மோஸ்டாட், அவற்றின் பிளாஸ்டிக் உறைகள் ஆகியவை சில ஆண்டுகளில் கசியத் தொடங்கும். வெப்ப முள் ஒருமுறை சிவப்பைத் தொட்ட காரின் சிலிண்டர் தலை வளைந்திருக்க வாய்ப்புண்டு. அத்தகைய காரைத் தவிர்ப்பது நல்லது.

இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டி: 2020-க்கு முந்தைய போலோ ஜிடி டிஎஸ்ஐ காரில் உள்ள ஏழு கியர் பெட்டி, ஆயிலில் மூழ்காத உலர் கிளட்சுகளைக் கொண்டது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது கிளட்ச் பாதி பிடித்த நிலையில் சூடேறும். கியர்களை மாற்றும் மின்னணு–நீரியல் தொகுதி மெகட்ரானிக் எனப்படுகிறது. இவ்வகைக் கியர் பெட்டியின் குறைபாட்டால் 2013-இல் சீனாவில் மட்டும் 3,84,181 கார்களை ஃபோக்ஸ்வேகன் திரும்ப அழைத்தது. அதே ஆண்டு, இவ்வகைக் கியர் பெட்டியில் இருந்த செயற்கை ஆயிலைக் கனிம ஆயிலாக மாற்றும் நடவடிக்கையும் பல நாடுகளில் எடுக்கப்பட்டது. முதல் கியரிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது உதறுவது, நின்ற இடத்திலிருந்து கிளம்பத் தயங்குவது, கியர் எண் காட்டும் இடம் சிமிட்டுவது ஆகியவை அறிகுறிகள். மெகட்ரானிக் முழுவதையும் புதிதாக மாற்றினால் செலவு லட்சங்களில் வரும். சில பட்டறைகள் அதைக் கழற்றிப் பழுதுபார்க்கின்றன. அவை பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளன.

சஸ்பென்ஷனும் டயரும்: வேகக் கார்களின் ஸ்பிரிங்குகள் விறைப்பானவை, டயரின் பக்கச்சுவர் உயரம் குறைவு. அபார்த் புன்டோவின் தரை இடைவெளி 155 மில்லிமீட்டர் மட்டுமே. வண்ணம் பூசாத வேகத்தடையும் மழைக்குப் பின் தண்ணீர் மறைத்த குழியும் டயரில் வீக்கம், ரிம்மில் வளைவு, ஆயில் சேம்பரில் விரிசல் ஆகியவற்றை உண்டாக்கும். இவற்றுள் ஆயில் சேம்பர் விரிசலே ஆபத்தானது. ஆயில் வடிந்தது தெரியாமல் சில கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சினும் டர்போவும் ஒருசேரப் போகும்.

திரும்ப அழைப்புகள்: தயாரிப்புக் குறையால் நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வதுண்டு. 2023 ஏப்ரலில் மாருதி சுசூகி 7,213 பலேனோ ஆர்எஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. அவை 2016 அக்டோபர் 27 முதல் 2019 நவம்பர் 1 வரை தயாரானவை. பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்பில் குறை இருக்கலாம் என்பதும், பிரேக்கை வழக்கத்தைவிட அழுத்தி மிதிக்க நேரலாம் என்பதும் காரணமாகக் கூறப்பட்டன. கைமாறிய கார்களில் இத்தகைய அறிவிப்பு முதல் உரிமையாளரிடமே நின்றுவிட வாய்ப்புண்டு. சேசிஸ் எண்ணைக் கொண்டு சர்வீஸ் மையத்தில் கேட்டறிவது கட்டணமில்லாதது. பிரேக் தொடர்பானது என்பதால் கட்டாயமும் ஆகும்.

ரீமேப் செய்யப்பட்ட கார்கள்

எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிக் கூடுதல் ஆற்றல் பெறுவது ரீமேப் எனப்படும். டர்போ காரில் காற்றழுத்தத்தை உயர்த்தினாலே ஆற்றல் கணிசமாகக் கூடும் என்பதால் இது பரவலாக உள்ளது. ஆனால் கிளட்ச், கியர் பெட்டி, பிஸ்டன் ஆகியவை பழைய அளவுக்கே வடிவமைக்கப்பட்டவை. விற்குமுன் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டாலும் தேய்மானம் திரும்பாது. மாற்றுச் சைலன்சர், வெட்டப்பட்ட ஏர் ஃபில்டர் பெட்டி, கணினிப் பெட்டியின் திருகுகளில் கீறல் ஆகியவை தடயங்கள்.

இதற்குச் சட்டப் பக்கமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. மாற்றம் செய்த கார் விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவோ குறைக்கவோ முயலலாம்.

ஆவணங்கள்

ஒரே மாநிலத்துக்குள் கார் கைமாறினால் படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றுடன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். அரியலூர் மாவட்டப் பதிவெண் டி.என். 61, பெரம்பலூர் டி.என். 46 எனத் தொடங்கும். கடனில் வாங்கிய காராக இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் தேவை.

புதுச்சேரி, கர்நாடகம், கேரளப் பதிவுக் கார்கள் விலை மலிவாகத் தோன்றும். புதுச்சேரி அருகிலேயே இருப்பதால் இத்தகைய கார்கள் இப்பகுதிக்கும் வருகின்றன. வேறு மாநிலத்தில் பதிவான காரை 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். படிவம் 28 வழியே தடையின்மைச் சான்று பெற்று, காரின் வயதுக்கேற்ற சாலை வரியைத் தமிழ்நாட்டில் செலுத்த வேண்டும். இந்த வரியையும் சேர்த்துப் பார்த்தால் மலிவு மறைந்துவிடுவதுண்டு.

தனியார் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கு உரியது. 2013-இல் பதிவான கார் 2028-இல் தகுதிச் சோதனைக்குச் சென்று பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எனவே பழைய மாதிரிகளின் விலை பேசும்போது எஞ்சிய பதிவுக் காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

காப்பீட்டை 14 நாட்களுக்குள் புதிய உரிமையாளர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராததற்கான போனஸ் காருக்கு உரியதல்ல. முந்தைய உரிமையாளருக்கு உரியது. ஆகவே விற்பவர் கட்டிவந்த அதே தொகை வாங்குபவருக்குக் கிடைக்காது.

ஓராண்டுச் செலவுக் கணக்கு

கீழ்வருவது கணக்கிடும் முறையைக் காட்டும் எடுத்துக்காட்டு. ஒவ்வொருவரும் தத்தம் காருக்குரிய எண்களை இட்டுப் பார்க்கலாம்.

ஐந்து லட்சத்துக்கு வாங்கிய 1.2 லிட்டர் டர்போ கார் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடுவதாகவும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் எனவும் கொள்ளலாம்.

எரிபொருள்: போலோ ஜிடி டிஎஸ்ஐ காருக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 17.2 கிலோமீட்டர். அது சோதனைச் சாலை அளவு. டர்போவை அழுத்தி ஓட்டும்போது 12 கிலோமீட்டர் கிடைப்பதாகக் கொண்டால் 833 லிட்டர் தேவை. செலவு 83,300 ரூபாய். எத்தனால் லிட்டருக்குப் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவான ஆற்றல் உடையது என்பதால், 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் மைலேஜ் மேலும் சற்றுக் குறையும்.

சர்வீஸ்: தூசியும் வெப்பமும் மிக்க பகுதியில் ஆண்டுக்கு இருமுறை ஆயில் மாற்றுவது பாதுகாப்பானது. ஒருமுறைக்கு 10,000 ரூபாய் எனில் 20,000 ரூபாய்.

டயர்: நான்கு டயர் 28,000 ரூபாய், ஆயுள் 40,000 கிலோமீட்டர் எனில் ஆண்டுக்கு 7,000 ரூபாய்.

காப்பீடு: 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரையான காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 3,416 ரூபாய், 1000 சிசிக்கு உட்பட்டதற்கு 2,094 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. காரின் சேதத்துக்கான காப்பீடும் சேர்த்து 15,000 ரூபாய் எனக் கொள்ளலாம்.

மொத்தம் 1,25,300 ரூபாய். அதாவது மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். இதில் எந்தப் பெரும் பழுதும் சேரவில்லை.

டர்போ இல்லாத சாதாரணக் காருக்கு இதே முறையில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் மைலேஜ், சர்வீஸ் 8,000, டயர் 4,000, காப்பீடு 10,000 ரூபாய் எனக் கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 77,600 ரூபாய் ஆகும். ஆண்டு வேறுபாடு சுமார் 47,700 ரூபாய். நான்கு மாத வீட்டு மளிகைச் செலவுக்கு நிகரான தொகை இது.

இதற்கு மேல் ஒரு சேமநிதி தேவை. டர்போ, கியர் பெட்டி, ஏசி கம்பிரசர் ஆகியவற்றுள் ஒன்று பழுதானாலும் தாங்கும் வகையில், கார் விலையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கைத் தனியே வைத்திருப்பது நல்லது. ஐந்து லட்சம் ரூபாய்க் காருக்கு அது ஒரு லட்சம். கையிருப்பு முழுவதும் ஐந்து லட்சம் எனில், நான்கு லட்சம் ரூபாய்க் காரைத் தேடுவதே சரியான கணக்கு. கையிலுள்ள அனைத்தையும் விலையாகக் கொடுத்துவிட்டு, மாதத் தவணையும் ஏற்றுக்கொண்டவருக்கு முதல் பெரும் பழுதே கடைசிப் பழுதாகிவிடும். பழுதைச் சரிசெய்யப் பணமில்லாமல் நின்றுபோன கார், வாங்கிய விலையில் ஒரு பகுதிக்கே போகும்.

வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்த நிலையில் காரைப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் செல்லலாம். முதல் சில நொடிகளில் சங்கிலி உரசும் ஓசை, நீலப் புகை, நடுக்கம் ஆகியவை உள்ளனவா எனக் கவனிக்க வேண்டும்.

ஓடிய தூரத்தைவிட ஆயில் மாற்றிய வரலாறு முக்கியமானது. 40,000 கிலோமீட்டர் மட்டும் ஓடி, மூன்றாண்டு ஆயில் மாற்றாத காரைவிட, 90,000 கிலோமீட்டர் ஓடி, ஒவ்வொரு ஆண்டும் ரசீதுடன் ஆயில் மாற்றிய கார் நம்பத்தக்கது. ரசீதில் ஆயிலின் தரக்குறியீடு, நிறுவனம் பரிந்துரைத்ததுதானா என்பதையும் பார்க்க வேண்டும்.

கணினிச் சோதனைக் கருவியை இணைத்து, எஞ்சின், கியர் பெட்டி இரண்டிலும் பதிவான பிழைகளைப் படிக்க வேண்டும். அண்மையில் அழிக்கப்பட்டிருந்தால் அதுவே ஒரு எச்சரிக்கை.

ஓட்டிப் பார்ப்பது குறைந்தது அரைமணி நேரம் இருக்க வேண்டும். கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்தும், திருச்சி–சிதம்பரம் சாலை போன்ற திறந்த சாலையில் சீராக வேகமெடுத்தும், பின்னோக்கி ஏற்றத்தில் ஏற்றியும் பார்க்க வேண்டும். நெரிசலில்தான் கியர் பெட்டியின் குறை வெளிப்படும். திறந்த சாலையில்தான் டர்போவின் குறை வெளிப்படும்.

லிஃப்டில் ஏற்றி ஆயில் சேம்பர், இன்டர்கூலர், ரிம்களின் உட்புறம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கூலன்ட் தொட்டியில் நிறமுள்ள தெளிந்த திரவம் இருக்க வேண்டும். துருநிறம், வெண்படிவு, ஆயில் மிதப்பு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காரைத் தவிர்க்கலாம்.

கடைசியாக, வாங்கும் முன்பே பழுதுபார்ப்பவரைக் கண்டறிய வேண்டும். அந்தக் குறிப்பிட்ட எஞ்சினைக் கழற்றிப் பழகிய மெக்கானிக் திருச்சியிலோ கும்பகோணத்திலோ கிடைக்கிறாரா, அவர் அந்தக் காரைப் பார்த்துச் சொல்ல வருவாரா என்பதை விலை பேசுமுன் அறிந்துகொள்வது நல்லது. அவருக்குக் கொடுக்கும் சோதனைக் கூலியும் பயணச் செலவும் சில ஆயிரங்களுக்குள் அடங்கும். தவறான காரை வாங்கினால் இழப்பது லட்சங்கள்.

யாருக்குப் பொருந்தும்

சேமநிதி தனியே உள்ளவருக்கும், வீட்டில் அன்றாட வேலைக்கு இன்னொரு வண்டி இருப்பவருக்கும், பராமரிப்பில் ஆர்வமுள்ளவருக்கும் பழைய டர்போ ஸ்போர்ட்ஸ் கார் குறைந்த முதலீட்டில் நிறைந்த மகிழ்ச்சி தரும். தினமும் வேலைக்குச் செல்லவும், இரவில் மருத்துவமனைக்கு ஓடவும் ஒரே காரை நம்பியுள்ள குடும்பத்துக்கு அது பொருந்தாது. அத்தகையோர் டர்போ காரையே விரும்பினால், உலர் இரட்டைக் கிளட்ச் இல்லாத, கைகியர் கொண்ட, அருகில் சர்வீஸ் மையம் உள்ள வகையைத் தேர்ந்தெடுப்பது இடரைக் குறைக்கும்.